ராட்டினத்துக்கு இரண்டு மூடி மருந்து

பிப்ரவரி 3

நாத்தனாருக்கு,

உன்னோடு பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் ராசியாகிவிட்டோம் என்று நினைத்துத் துள்ளாதே. எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும், அவ்வளவுதான். உன் அண்ணனை எழுதச் சொன்னேன். "நான் எழுதினாலும் நீ கோவிப்பே, எழுதலைன்னாலும் கோவிப்பே. என்னை விட்டுடு" என்று சொல்லிவிட்டு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார்.

நம் ராட்டினத்தைச் சுழற்றுகிற டீசல் எஞ்சின் சரியில்லை. பழைய லாரியிலிருந்து கழற்றியது, முப்பது வயது தாண்டியது என்பதெல்லாம் உனக்குத் தெரியும். இப்போது காலையில் கிளப்பினால் இருமி இருமித்தான் எழுந்திருக்கிறது. கறுப்புப் புகை. டீசல் பம்பிலிருந்து ஒரு கீச்சுச் சத்தம் வேறு, காய்ந்த கதவுக் கீல் மாதிரி. நாம் ஸ்பேனர் என்று கூப்பிடுகிற மெக்கானிக் பையன், "இப்ப வர்ற டீசல் இதுக்கு ஒத்துக்கலைக்கா, ஏதாவது மருந்து ஊத்தணும்" என்கிறான். உதிரி சாமான் கடைக்காரர் சிங்கப் படம் போட்ட ஒரு பாட்டிலைத் தலையில் கட்டிவிட்டார். திறக்காமல் வைத்திருக்கிறேன்.

ஏன் திறக்கவில்லை என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு வருடத்துக்கு முன் லீவுக்கு வந்த நீ, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் டேங்கில் ஒரு நீலத் தண்ணீரை ஊற்றினாய். உன்னைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்து, எல்லாரும் ராட்டினத்தில் ஏறி, மாப்பிள்ளையின் அம்மா உச்சிக்குப் போன நேரத்தில் எஞ்சின் நின்றது. நாற்பது நிமிடம் அந்தரத்தில் தொங்கினார். கீழே இறங்கியதும் ஒரு பேச்சில்லை, நேராகக் காரில் ஏறிவிட்டார். சம்பந்தம் அதோடு போயிற்று.

ஏப்ரலில் பெரிய மைதானத்தில் கோடைப் பொருட்காட்சி. அதற்கு முன்னால் பரிசோதகர் வந்து எஞ்சினை ஓட்டிப் பார்த்துத்தான் அனுமதி தருவார். தேறவில்லை என்றால் ராட்டினத்தைப் பிரித்துப் பழைய இரும்பாகப் போட வேண்டியதுதான்.

மருந்து ஊற்றலாமா, கூடாதா? நீ டீசலைப் பரிசோதிக்கிற கூடத்தில் வேலை பார்ப்பதால் கேட்கிறேன். ஒரு வரி எழுதினால் போதும்.

அண்ணி


பிப்ரவரி 11

அண்ணிக்கு,

ஒரு வரி கேட்டீர்கள். தெரியாது. இதுதான் அந்த ஒரு வரி. நோயாளியைப் பார்க்காமல் எந்த டாக்டரும் மருந்து எழுத மாட்டார்.

நீங்கள் பழைய கதையை எடுத்ததால் நானும் எடுக்கிறேன். அன்று எஞ்சின் நின்றதும் நீங்கள் மைக்கைப் பிடித்து என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "யாரும் பயப்படாதீங்க, எஞ்சின் மேல தப்பில்ல. என் நாத்தனா ரொம்பப் படிச்சவ, அவதான் எதையோ ஊத்திட்டா!" நான்கு ஒலிபெருக்கியிலும் கேட்டது. நானும் ஒரு தொட்டிலில் தொங்கிக்கொண்டுதான் கேட்டேன். கீழே நின்ற கூட்டம் முழுக்க நிமிர்ந்து என்னைத் தேடியது. இங்கே கூடத்தில் இன்றைக்கும் யாராவது மைக்கில் பேசினால் எனக்குக் காது சூடாகிறது.

சரி, எஞ்சின் விஷயம். ஸ்பேனர் சொல்வதில் உண்மை இருக்கிறது. முன்பு டீசலில் கந்தகம் நிறைய இருந்தது. புகை கெடுதல் என்று இப்போது அதை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கும்போது கூடவே டீசலின் வழவழப்பும் கொஞ்சம் போய்விடுகிறது. உங்கள் பம்புக்குத் தனியாக எண்ணெய் கிடையாது, அதன் வழியாக ஓடுகிற டீசல்தான் அதற்கு எண்ணெய். வழவழப்புக்கு ஆலையிலேயே ஏதோ சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் உங்கள் பம்ப் அந்தக் காலத்து டீசலைக் குடித்து வளர்ந்தது. அதற்கு இது பற்றாமல் இருக்கலாம்.

டேங்கின் அடியிலிருந்து டீசல் எடுத்து அனுப்புங்கள், மேலேயிருந்து வேண்டாம். கண்ணாடிப் பாட்டில், நன்றாகக் காய்ந்தது. தபாலில் போடக் கூடாது, யார் கையிலாவது கொடுத்துவிடுங்கள். ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றினீர்கள், டேங்கை எப்போது கழுவினீர்கள் என்றும் எழுதுங்கள்.

சிங்கத்தைத் திறக்காதீர்கள்.

இப்படிக்கு,
ரொம்பப் படித்தவள்


பிப்ரவரி 24

படித்தவளுக்கு,

பலூன் சுடும் கடைக்காரர் சரக்கு எடுக்க உன் நகரத்துக்கு வருகிறார். அவர் கையில் இருமல் மருந்து பாட்டில் ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். மூன்று தடவை கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவைத்தது. உள்ளே இருப்பது டீசல்தான். பார்த்தால் நீயே நம்ப மாட்டாய்.

ஸ்பேனர் டேங்கின் அடித்திருகைத் திறந்ததும் முதலில் தண்ணீர் வந்தது. அப்புறம் ஆறிப்போன டீ மாதிரி ஒன்று. அதற்கப்புறம் கறுப்பாய், கொழகொழவென்று, குளத்துப் பாசி மாதிரி. "என்னடா இது?" என்றேன். ஸ்பேனர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அக்கா, இது டீசல் டேங்கா, மீன் தொட்டியா?" என்றான்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஃபில்டர் எப்போது மாற்றினோம் என்று ஸ்பேனருக்கு நினைவில்லை. டேங்க் கழுவியது எப்போது என்று உன் அண்ணனைக் கேட்டேன். அவர் ஆகாயத்தைப் பார்த்தார். "கழுவுறதுன்னா… உள்ளேயா?" என்றார். நாங்கள் வாங்கியதிலிருந்து கழுவவே இல்லை. பன்னிரண்டு வருடம்.

அன்றைக்கு நின்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்குமோ என்று தோன்றியது. தோன்றியதை எழுதினேன், அவ்வளவுதான். ரொம்ப அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே.

பலூன்காரருக்கு ஒரு வேளை சாப்பாடு போட்டு அனுப்பு. கூச்சப்படுவார், விடாதே.

அண்ணி


மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

பலூன்காரர் கூச்சமே படவில்லை. மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். எங்கள் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குழாய்களைப் பார்த்து, "இதைச் சுட்டா நல்லா உடையும்" என்று ஆசையாகச் சொன்னார். வாசல்வரை கூடவே போய் அனுப்பிவைத்தேன்.

உங்கள் பாட்டிலை மேசையில் வைத்ததும் பக்கத்து மேசைக்காரர்களெல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். இவ்வளவு செழிப்பான பாசியை யாரும் பார்த்ததில்லையாம். டேங்கின் அடியில் தண்ணீர் தங்கினால், அதற்கும் டீசலுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியேறிவிடும். அவை டீசலைத் தின்று பெருகும், அவற்றின் கழிவுதான் அந்தக் கொழகொழப்பு. வழவழப்புச் சோதனையும் செய்தேன். டீசலில் நனைத்த சிறு இரும்புக் குண்டைத் தகட்டின் மேல் தேய்த்து, எவ்வளவு பெரிய தழும்பு விழுகிறது என்று பார்ப்போம். அரை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், உங்களுடையது அதைத் தாண்டிவிட்டது. பம்ப் கீச்சிடாமல் என்ன செய்யும்?

இனி நான் சொல்ல வேண்டியது. இரண்டு வருடமாக நாக்கு நுனிவரை வந்து நின்றது. அன்று தப்பு என்னுடையது, அண்ணி. நான் ஊற்றியது நல்ல மருந்துதான், உள்ளே படிந்த அழுக்கைக் கரைக்கிற மருந்து. ஆனால் பத்து வருட அழுக்கை ஒரே நாளில் கரைத்தால் அது எங்கே போகும்? ஃபில்டரில் போய் அடைக்கும். மாற்று ஃபில்டர் கையில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. போதாததற்கு அளவைப் போல மூன்று மடங்கு ஊற்றினேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் எஞ்சின் புகையில்லாமல் ஓட வேண்டும், என் படிப்பின் பெருமை தெரிய வேண்டும் என்ற அற்ப ஆசை. மன்னித்துவிடுங்கள்.

இந்தத் தடவை ஒழுங்காகச் செய்வோம். முதலில் டேங்கைக் கழற்றிச் சுத்தமாகக் கழுவிக் காயவையுங்கள். புது ஃபில்டர் போட்டு, மேலும் மூன்று கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நான் அனுப்பும் மஞ்சள் பாட்டில், வழவழப்புக்கு. உங்கள் டேங்க் ஐம்பது லிட்டர், அதற்கு அந்தப் பாட்டிலின் மூடியால் இரண்டு மூடி. மருந்தை முதலில் ஊற்றி, மேலே டீசல் பிடித்தால் தானாகக் கலந்துவிடும். பத்து நாள் கழித்து நீலப் பாட்டில், கால் மூடி மட்டும். ஆமாம், அதே நீலம்தான். திட்டாதீர்கள்.

தேய்ந்த இரும்பை எந்த மருந்தும் வளர்க்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது தேய்மானத்தைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். சிங்கத்தைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 15

அன்புள்ள நாத்தனாருக்கு,

டேங்கைக் கழுவிய கதையைக் கேள். கை விட்டுத் தேய்க்க உன் அண்ணன்தான் முன்வந்தார், பன்னிரண்டு வருடப் பாவத்தைக் கழுவுகிற முகத்தோடு. தோள்வரை உள்ளே விட்டவர் வெளியே எடுக்க முடியாமல் மாட்டிக்கொண்டார். நம்மோடு ஊர் ஊராக வருகிற கடைக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். மாயாஜாலக்காரர் வந்து, "நான் எடுக்கிறேன்" என்று துண்டைப் போட்டு மூடி மந்திரமெல்லாம் சொன்னார். கை வரவில்லை. கடைசியில் டீக்கடை அம்மா சோப்புத் தண்ணீரை ஊற்றித்தான் கை வெளியே வந்தது. மாயாஜாலக்காரர் அதற்கும் குனிந்து வணக்கம் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டார். உள்ளேயிருந்து ஒரு வாளிப் பாசி, இரண்டு நட்டு, ஒரு குழந்தையின் பிளாஸ்டிக் வளையல் வந்தன. வளையல் எப்படி உள்ளே போனது என்று இங்கே இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.

மஞ்சள் மருந்தை உன் அண்ணன் கண்ணளவில் கவிழ்க்கப் போனார். நான் பாட்டிலைப் பிடுங்கிவிட்டேன். இரண்டு மூடி, தரையில் உட்கார்ந்து, மூடியைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து ஊற்றினேன்.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. உன்னைக் கொஞ்சம் திட்டினேன். மூன்றாம் நாள் காலையில் ஸ்பேனர், "அக்கா, காதை வெச்சுப் பாருங்க" என்று கத்தினான். பம்பில் கீச்சு இல்லை. பக்கத்துக் குடை ராட்டினக்காரர் வந்து, "எஞ்சினை எப்ப மாத்தினீங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

நீ மன்னிப்புக் கேட்டதைப் படித்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மைக்கில் அப்படிச் சொன்னது மகா தப்பு. அன்றைக்கு எனக்கு எஞ்சின் பெரிதாகத் தெரியவில்லை. உன் கல்யாணம் என் ராட்டினத்தால் நின்றுபோய்விடுமே என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. அந்தப் பழி என் மேல் விழாமல் இருக்க உன் மேல் தள்ளினேன். இரண்டு வருடமாக அது என்னைக் குடைகிறது. உன்னோடு பேசாமல் இருந்ததற்குக் கோபம் பாதிதான் காரணம், மீதி வெட்கம்.

அண்ணி


மார்ச் 22

என் அருமை அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். சிரித்து, அழுது, புரையேறி, பக்கத்தில் இருந்தவர் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மைக்கின் மேல் இருந்த கோபத்தில் வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருந்தேன். அன்று என்னோடு ஒரே தொட்டிலில் உட்கார்ந்திருந்தது அந்த மாப்பிள்ளை. எஞ்சின் ஓடியவரை அவர் வானிலையைப் பற்றிப் பேசினார், நான் "ஆமாம்" என்றேன். நின்ற பிறகு வானிலை தீர்ந்துவிட்டது. பத்து நிமிடம் கழித்து அவர் மெதுவாக, "உங்களுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமா?" என்று கேட்டார். "இல்லை, வேலையை விட்டுட்டு வரணும்னு உங்கம்மா சொல்றாங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று, அண்ணி! யாரும் என்னைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அவர் கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணை விரும்புகிறாராம், அம்மாவிடம் சொல்லப் பயமாம். "நீங்க வேண்டாம்னு சொல்லிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். "நீங்க சொல்லுங்க, உங்கம்மாதானே" என்றேன். மீதி அரைமணி நேரமும் அவரைத் தைரியப்படுத்துவதில் போயிற்று. காரில் ஏறியதும் அம்மாவிடம் சொல்லிவிட்டார், சம்பந்தம் நின்றது அதனால்தான். அந்த அம்மா பேசாமல் காரில் ஏறியதற்குக் காரணம் கோபம் இல்லை. தலைசுற்றல்.

எஞ்சின் மட்டும் ஒழுங்காக ஓடியிருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நாற்பது நிமிடம் கிடைத்திருக்காது. அவர் அந்தப் பெண்ணையே கட்டிக்கொண்டார், போன மாதம் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. படம் அனுப்பியிருந்தார்.

நல்லதுதானே என்று மஞ்சள் மருந்தை மூன்று மூடி ஆக்கிவிடாதீர்கள்.

நாத்தனார்


ஏப்ரல் 2

அடிப் பாவி!

இரண்டு வருடம்! இரண்டு வருடம் நான் ஒவ்வொரு தடவை ராட்டினத்தை நிறுத்தும்போதும் உன் கல்யாணத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டிருக்கிறேன். நீ அங்கே உட்கார்ந்து குழந்தைப் படம் பார்த்துக்கொண்டிருக்கிறாய். உன் அண்ணனிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். தெரியாது. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, தெரியாது என்று.

நீல மருந்து கால் மூடி ஊற்றினோம். நீ எழுதியது போலவே ஃபில்டர் அடைத்து, இரண்டாம் நாள் எஞ்சின் திணறியது. ஸ்பேனர் ஃபில்டரைக் கையில் தயாராக வைத்திருந்தான். நான்கு நிமிடத்தில் மாற்றிவிட்டான். கழற்றிய ஃபில்டர் தார் பூசினது போல இருந்தது. அதன் பிறகு புகை பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால் பம்பின் கழுத்திலிருந்து டீசல் கசிய ஆரம்பித்தது. மருந்தால்தானா என்று பதறிப்போனேன். ஸ்பேனர் பழைய ரப்பர் வளையத்தை எடுத்துக் காட்டினான். மொறுமொறுவென்று காய்ந்து, கையில் உடைந்தது. இதற்கு மருந்து கிடையாது, மாற்றத்தான் வேண்டும் என்று எல்லா வளையங்களையும் மாற்றிவிட்டான்.

பரிசோதகர் ஒன்பதாம் தேதி வருகிறார். நீ வந்தால் நன்றாக இருக்கும். எஞ்சினுக்காக இல்லை. எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது.

அண்ணி


ஏப்ரல் 5

அண்ணி,

ஒன்பதாம் தேதி என்னால் வர முடியாது. கூடத்தில் அன்றைக்கு என் முறை. கேட்டுப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். முந்தின நாளே ஃபில்டரை மாற்றிவிடுங்கள். ஆறிய எஞ்சினைப் பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டு, பிறகு சுமை ஏற்றுங்கள். ஏதாவது கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். வேறொன்றும் எழுத வரவில்லை. மனசு அங்கேதான் கிடக்கிறது.


ஏப்ரல் 10

என் கண்ணே,

தேறிவிட்டோம்!

இதை முதலில் எழுதிவிட்டேன், இனி நிதானமாகச் சொல்கிறேன். பரிசோதகர் ஒரு அம்மா. குட்டையாக, கண்ணாடி போட்டு, சிரிப்பே இல்லாமல் வந்தார். எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். ஒரே இழுப்பில் பிடித்தது. கைக்குட்டையைப் புகைக்குழாய்க்கு முன்னால் பிடித்துப் பார்த்தார். லேசான சாம்பல் நிறம். "ம்" என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது. அப்புறம், "காலி ராட்டினத்தை யார் வேணும்னாலும் சுத்தலாம். இருபத்து நாலு தொட்டில்லயும் ஆள் ஏத்துங்க. ரெண்டு மணி நேரம் நிக்காம ஓடணும்" என்றார்.

காலை பத்து மணிக்கு நான் கூட்டத்துக்கு எங்கே போவேன்? மைக்கைப் பிடித்தேன். "ராட்டினத்துக்குச் சோதனை, கை வேலையைப் போட்டுட்டு ஏற வாங்க" என்றேன். பொருட்காட்சி முழுக்க ஓடிவந்தது. குடை ராட்டினக்காரர் குடும்பத்தோடு ஏறினார். பலூன்காரர், மாயாஜாலக்காரர், அவருடைய புறாக்கூண்டு, டிக்கெட் அச்சடிப்பவர், தையல் வேலையோடு அவர் மனைவி. எல்லாரும் இரண்டு மணி நேரம் சுற்றினார்கள்! டீக்கடை அம்மா கீழே நின்று, வேகம் குறைந்து தொட்டில் கடக்கிறபோது ஒவ்வொருவர் கையிலும் டீ டம்ளரைக் கொடுத்தார். அடுத்த சுற்றில் காலி டம்ளரை வாங்கிக்கொண்டார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ஒரு மணி நேரத்தில் மாயாஜாலக்காரர் முகம் வெளிறிப்போய், "என்னை மறைய வெச்சிடுங்க" என்று கத்தினார். எஞ்சின் மட்டும் சளைக்கவில்லை. ஒரே தாளம்.

பரிசோதகர் அம்மா என்னிடம், "முப்பது வருஷப் பம்பு இப்படி ஓடாதே. என்ன ஊத்துறீங்க?" என்று கேட்டார். நீ சொன்னபடி ஒன்றையும் மறைக்கவில்லை. கந்தகம், வழவழப்பு, இரும்புக் குண்டின் தழும்பு, பாசி, வாளி, உன் அண்ணனின் கை, எல்லாம் சொன்னேன். "யார் சொல்லிக்கொடுத்தா?" என்றார். "என் நாத்தனா. ரொம்பப் படிச்சவ" என்றேன். மைக் கையிலேயே இருந்தது, அணைக்க மறந்துவிட்டேன். நான்கு ஒலிபெருக்கியிலும் கேட்டுவிட்டது. மேலே இருந்தவர்களெல்லாம் கைதட்டினார்கள்.

அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். இந்தக் கோடை முடிந்ததும் பம்பைப் பிரித்துச் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். மருந்தை நம்பி அதை விட்டுவிடக் கூடாது என்று வாயாலும் சொன்னார். உன் குரல் மாதிரியே இருந்தது. போகும்போது, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஒரு சுத்து போகட்டுமா?" என்றார். உச்சியில் அவர் சிரித்ததை நான் பார்த்தேன்.

உன் அண்ணன் சந்தோஷத்தில் எஞ்சினைத் தட்டிக்கொடுக்கிறேன் என்று சூடான இடத்தில் கையை வைத்துவிட்டார். விரலில் கொப்புளம். கொப்புளத்தையும் சிரித்துக்கொண்டே காட்டுகிறார்.

இப்போது ஒரு புதுத் தொல்லை. நான் மைக்கில் சொன்னதைக் கேட்டு இங்கே எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். இன்று காலை கூடாரத்து வாசலில் பதினோரு பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. குடை ராட்டினத்து எஞ்சின், விளக்கு ஜெனரேட்டர், சாமான் லாரிகள், எல்லாவற்றின் டேங்க் அடியிலிருந்தும் எடுத்தது. "அக்கா, என்னுதைப் பாருங்க", "என்னுது அதைவிட மோசம்" என்று சண்டை. நான் முகர்ந்து பார்த்து, நாக்கைச் சப்புக்கொட்டி, டாக்டர் மாதிரி நடித்துச் சமாளிக்கிறேன். ரொம்ப நாள் தாங்காது.

வா. எத்தனை நாள் லீவு கிடைக்குமோ அத்தனை நாள் வா.

அண்ணி


ஏப்ரல் 14

அண்ணி,

பதினெட்டு நாள் கிடைத்திருக்கிறது. மேலதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். பதினோரு டேங்க் பாசி என்றதும் அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. மாதிரிகளைக் கூடத்துக்குக் கொண்டுவந்து தருவதாக இருந்தால் தாராளமாகப் போய்வா என்றார். காய்ந்த கண்ணாடிப் பாட்டில்கள் ஒரு பெட்டி நிறைய எடுத்து வைத்துவிட்டேன். மஞ்சள் மருந்தில் ஆறு பாட்டில், நீலத்தில் ஒன்றே ஒன்று. ஃபில்டர்களை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், ஸ்பேனரை அளவு எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

அண்ணனின் கொப்புளத்தை உடைக்க வேண்டாம். பாட்டில்களை வெயிலில் வைக்க வேண்டாம். நான் வருவதற்குள் யாரும் எதிலும் எதையும் ஊற்ற வேண்டாம், முக்கியமாக மாயாஜாலக்காரர்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். காலையில் ஒன்றும் சாப்பிடாமல்தான் கிளம்புவேன். ஆகவே இறங்கியதும் முதலில் உங்கள் கையால் சோறு, பிறகு உங்களோடு மூச்சு விடாமல் இரண்டு மணி நேரம் பேச்சு. டீசலெல்லாம் அதற்கப்புறம்தான்.

உங்கள் நாத்தனார்